நண்டு திறந்த மடை

கறுப்புக் குடை இன்னும் பனந்திட்டைத் தாண்டவில்லை. தாண்டட்டும், மெதுவாகவே தாண்டட்டும், யாருக்கு என்ன அவசரம் என்று தையல்நாயகி இடுப்பிலிருந்த பிள்ளையை அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வந்திருக்கிற அக்ரி ஆபீசரம்மாவின் குடை அது. அதன் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவது வி.ஏ.ஓ.வின் சட்டை. அதற்குப் பின்னால் ஊர் ஆம்பிளைகளுக்கு நடுவில் தக்காளிச் சிவப்பாக ஆடி ஆடி வருவது அவள் புருஷன் குணசீலனின் சட்டை. தீபாவளிக்கு அவளே எடுத்துக் கொடுத்தது. எந்தக் கூட்டத்தில் தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லித்தான் எடுத்தாள். இப்போது அந்தச் சட்டை திருப்பூரில் போய்த் தொலையப் பார்க்கிறது. வெயில் என்னமாய் அடிக்கிறது, மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி, திருட்டுப் பூனை வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. கண்ணுக்கெட்டின வரைக்கும் வயல் இல்லை, வரப்பு இல்லை, ஒரே வெள்ளித் தாம்பாளம், அதில் மேகம் மிதக்கிறது, கொக்கு நடக்கிறது. அவளுடைய ஆறு மா நிலம் மட்டும் அப்படி இல்லை. அவளுடைய ஆறு மாவில் பயிர் ஒரு சாண் தலையைத் தூக்கிக்கொண்டு பச்சையாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சிரிப்பு ஏறியது. சிரிக்கக் கூடாது. வெள்ளம் போன வயலின் வரப்பில் நிற்கிறவள் சிரித்தால் ஊர் என்ன சொல்லும், ஆபீசரம்மா என்ன எழுதும். முகத்தை இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துப் பார்த்தாள். பிள்ளை சம்மு அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டு, நேற்றுதான் முளைத்த ஒற்றைப் பல்லைக் காட்டி கெக்கெக்கென்று சிரித்தது. போச்சு. பெற்ற பிள்ளையே காட்டிக் கொடுத்துவிடும் போலிருக்கிறது.

அழுகின தாள் வாடை மேல்காற்றில் வந்தது. அது அவள் வயலின் வாடை இல்லை, பக்கத்து வயல் காசாம்பு சின்னத்தையின் பள்ளத்திலிருந்து வருவது, ஊறவைத்து மறந்துபோன வைக்கோல் மாதிரி ஒரு புளிப்பு. அவள் வயலில் சேற்று வாடை மட்டும்தான். நல்ல சேற்று வாடை, மழைக்குப் பிறகு மாட்டின் முதுகில் வருமே, அந்த மாதிரி. இந்த வாடை வித்தியாசம் ஆபீசரம்மாவுக்குத் தெரியுமா? படித்த பிள்ளை, தெரிந்திருக்கும். தெரியாமலே போகட்டும். இல்லை இல்லை, தெரியட்டும், நல்லாயிருக்கு என்று அந்த வாயால் ஒரு வார்த்தை கேட்கலாம். ஐயோ வேண்டாம், நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால் நிவாரணம் எப்படி எழுதும்? இப்படியேதான் காலையிலிருந்து செக்குமாடாகச் சுற்றுகிறது மனசு. நூற்றுக்கு முப்பத்து மூன்று போயிருந்தால்தான் எழுதுவார்களாம். அதற்குக் கீழே போனால் போனது உனக்கு, வந்தது உனக்கு. எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் சதவீதம் சொல்லிக் கொடுத்தபோது இது எதுக்கு டீச்சர் நமக்கு என்று கேட்டவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க் முப்பத்தைந்து. அங்கேயும் கரணம் தப்பினால் மரணம் என்றுதான் தாண்டினாள். இங்கே அழிவுக்கும் ஒரு பாஸ் மார்க் வைத்திருக்கிறார்கள் பார், அதில் பாஸாக வேண்டுமானால் நன்றாக அழுகியிருக்க வேண்டும். அவள் வயல் இந்தப் பரீட்சையில் ஃபெயிலாகத்தான் போகிறது. பிள்ளை ஃபெயிலானதைப் பார்த்து உள்ளுக்குள் பூரிக்கிற தாயை எங்காவது பார்த்ததுண்டா? இதோ நிற்கிறாள், வரப்பில், ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு.

குடை பனந்திட்டைத் தாண்டிவிட்டது. எல்லாம் அந்த ஊர்க்கூட்டத்தால் வந்தது. போன தடவை வெள்ளத்தில் ஊரே விழுந்து விழுந்து தண்ணீரை வடித்துவிட்டது. ஆபீசர்கள் வந்து பார்த்தபோது பயிர் பச்சையாக நின்றது. நல்லாத்தானேய்யா இருக்கு என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அறுப்பில் பார்த்தால் பாதிக்குப் பாதி பதர், தூற்றினால் காற்றோடு போனது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தத் தடவை மழை விட்ட மறுநாளே கூட்டம் போட்டு, ஆபீசர் வந்து கண்ணால் பார்க்கும் வரைக்கும் எவனும் வடிவாய்க்கால் பக்கத்து மடையைத் திறக்கக் கூடாது, தண்ணி நிக்கிறது நிக்கிறபடி நிக்கணும், ஒருத்தன் திறந்தாலும் ஊருக்கே இல்லாமப் போயிரும் என்று முடிவு கட்டினார்கள். கூட்டத்தில் கை தூக்கினவர்களில் குணசீலனும் ஒருத்தன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான், “நியாயந்தானே தையலு, காட்டாத புண்ணுக்கு எவன் மருந்து குடுப்பான்?” நியாயம்தான். அவளும் தலையை ஆட்டினாள். புண்ணைக் காட்டுவதற்காகக் காலையே அழுக விடுவார்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அப்போது சம்மு தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தது, பேச்சு வாக்கில் கை கொஞ்சம் நழுவி, பிள்ளை முகம் ஒரே ஒரு கணம் தண்ணீருக்குள் போய் வந்தது. அதுதான் உலுக்கிவிட்டது. பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தது, அவள்தான் அதை மாரோடு அள்ளிக்கொண்டாள். தண்ணீருக்குள் மூச்சு எப்படி முட்டும் என்று யோசித்தாள். யோசித்ததும் வயல் ஞாபகம் வந்தது. நுனி மட்டும் தெரிகிற பயிர், தூர் கட்டுகிற வயசு, பல் முளைக்கிற வயசு மாதிரிதான் அதுவும், இன்னும் சூல்கூடக் கட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆம்பிளைகள் எல்லாம் மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்த நேரம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் வந்தாள். சத்தியமாகச் சும்மாதான். ஒரு தூரைப் பிடுங்கினாள், குருத்தைக் கிள்ளினாள், அடி இன்னும் வெள்ளையாக இருந்தது. நாளைக்கு இருக்காது. நாளைக்கு மறுநாள் நிச்சயம் இருக்காது. அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, கால்தான் செய்தது. மடையில் அப்பியிருந்த சேற்றை இடது குதிகாலால் ஒரு உந்து, இரண்டு உந்து. தண்ணீர் முதலில் யோசித்தது, அப்புறம் ஒரு கோழிக்குஞ்சு அளவுக்கு எட்டிப் பார்த்தது, அப்புறம் கொலுசுச் சத்தத்தோடு ஓடியது. அடடா அந்தச் சத்தம்! பிரசவ ஆஸ்பத்திரியில் சம்முவின் முதல் சத்தத்தைக் கேட்டபோது நெஞ்சுக்குள் ஒன்று அவிழ்ந்ததே, அதே மாதிரி அவிழ்ந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பிறகு பயம் வந்தது. ஊர்க் கட்டுப்பாடு, புருஷன் தூக்கின கை. எழுந்து சேற்றை மிதித்து மிதித்து மடையை அடைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் மடை திறந்து கிடக்கிறது! நண்டுதான். இந்தப் பக்கத்து வரப்பெல்லாம் நண்டு வளைதானே. அடைத்தாள். மறுநாளும் திறந்து கிடந்தது. அடைத்தாள், கொஞ்சம் லேசாகவே அடைத்தாள். அதற்கு மறுநாள் அடைக்கவே இல்லை. மனசுக்குள் அந்த நண்டுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டுப்பாட்டை மீறினது நண்டு, அவள் இல்லை. பஞ்சாயத்து வைத்து நண்டையா கேட்பார்கள்? சோறு போடும்போது குணசீலன்கூடச் சொன்னான், “நம்ம வரப்புல இந்த வருஷம் நண்டு ஜாஸ்தி தையலு.” சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் ரசத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டானோ? கண்டுபிடித்திருந்தால் கத்தியிருப்பானே. கத்துகிற ஆளும் இல்லை. பேசாமல் பையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடுகிற ஆள், அதுதான் பயம்.

அந்தப் பயத்தில்தான் எண்ணம் ஒவ்வொரு தடவையும் வந்து சிக்குகிறது, முள்ளில் முந்தானை மாட்டின மாதிரி. திருப்பூரில் அவன் சித்தப்பா மகன் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வா மாப்ளே தங்க இடம் இருக்கு என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். குணசீலன் யோசித்துச் சொன்னது இதுதான். பயிர் போனாலும் நிவாரணம் வந்தால் அதைப் போட்டு உளுந்தாவது விதைக்கலாம், இருக்கலாம். பயிர் முழுசாகப் பிழைத்தால் பேச்சே இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ். அவள் காலும் நண்டும் சேர்ந்து வயலை இரண்டுங்கெட்டானாக ஆக்கிவைத்திருந்தால்? நிவாரணம் எழுதுகிற அளவுக்கு அழியாமல், நெல் காண்கிற அளவுக்குப் பிழைக்காமல் நட்டாற்றில் நின்றால்? அவள் கொடுத்த உந்துதான் அவனைத் திருப்பூருக்கு உந்தினது என்று ஆகிவிடாதா? சம்மு அவன் மீசையைப் பிடித்து இழுத்துத்தான் தூங்கும். திருப்பூர் மீசையை எப்படி இழுக்கும், போனிலா? அவளுக்குச் சட்டென்று மூக்கு எரிந்தது. இதோ, இழவு வீட்டு முகம் தானாக வந்துவிட்டது, ஆபீசரம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. அதற்குள் ஒரு தட்டான் வந்து பயிரின் நுனியில் உட்கார்ந்தது. நுனி வளைந்தது, மடியவில்லை. தட்டான் எழுந்ததும் டக்கென்று நிமிர்ந்தது. பார்த்தாயா, பலம் இருக்கிறது. மறுபடி உள்ளங்காலில் சிரிப்பு.

“என்னடி தையலு, உன் வயலு மட்டும் எந்திரிச்சு நின்னு எட்டிப் பாக்குது?” என்று முதுகுக்குப் பின்னால் காசாம்பு சின்னத்தையின் குரல். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, வெற்றிலை அடக்கின கன்னத்தோடு, வரப்பில் விழாமல் வாத்து மாதிரி வந்துகொண்டிருந்தாள். “நண்டு சின்னத்தே. வளை போட்டு மடையைத் திறந்துவிட்ருச்சு” என்றாள் தையல்நாயகி, வாய் குழறாமல். “நண்டா?” காசாம்பு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். “ஆமாமா, நானும் பாத்தேன். மத்தியான வெயில்ல, மெட்டி போட்ட நண்டு. இடுப்புல குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு.” தையல்நாயகி மெட்டி போட்ட காலைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டாள். பார்த்துவிட்டாள். ஊர் வாய் முழுவதையும் ஒரே வாயில் வைத்திருக்கிறவள் பார்த்துவிட்டாள். “சின்னத்தே, யாருகிட்டயும்...” “ஏன் சொல்றேன்? உன் மடை திறந்ததுல எனக்கும் மேட்டுப் பக்கம் ரெண்டு மா தலை தெரியுது. பள்ளம்தான் போச்சு. நீ திறக்கும்போது ஒரு கொரல் குடுத்துருந்தா நானும் வந்து பள்ளத்துக்கு ஒரு காலு குடுத்துருப்பேன்ல? பெரிய தனிக்காட்டு ராணி!” என்று அவள் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். இடித்த இடி சம்முவின் மேல் பட, பிள்ளை அந்தக் கிழடு விரலைப் பிடித்து வாயில் வைத்து, புதுப் பல்லால் கடித்தது. “ஆத்தாடி! நண்டுக்குட்டிக்குக் கொடுக்கு முளைச்சாச்சுடி!” என்று காசாம்பு கையை உதறின சத்தத்தில் கொக்குகள் எழும்பின. தையல்நாயகி சிரித்தாள், அடக்க முடியாமல், மாராப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து நிமிர்ந்து பார்த்தால் குடை பக்கத்து வரப்பில் நிற்கிறது.

ஆபீசரம்மா சின்னப் பெண்தான், அவள் வயசுதான் இருக்கும், பேன்ட்டை மடித்துவிட்டு, சேற்றில் மாட்டின செருப்பைக் கையில் பிடித்திருந்தது. காசாம்புவின் பள்ளத்தில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கியது. வேர் கறுப்பாக, நூல் நூலாக வந்தது. குருத்தை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. “எழுதிக்குங்க சார், இது முழுசும்” என்றது வி.ஏ.ஓ.விடம். காசாம்பு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நிஜமாகவே துடைத்தாள், நடவன்று குலவை போட்டு இறங்கின வயல் அது. அடுத்தது இவர்கள் வயல். தையல்நாயகி பிள்ளையை மறுபடி இடுப்பு மாற்றினாள். குணசீலன் அவளைப் பார்க்கவில்லை, வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீசரம்மா ஒரு தூரைப் பிடுங்கியது, வெள்ளை வேர். நடு வயலுக்குப் போய் இன்னொன்று, அங்கேயும் வெள்ளை. குருத்தை இழுத்தது, வரமாட்டேன் என்று அது பிடித்துக்கொண்டது. மூலைக்குப் போய் ஒன்றைப் பிடுங்கியது, அது மட்டும் அழுகல். ஆபீசரம்மா கையைக் கழுவிக்கொண்டு அவளைப் பார்த்துச் சொன்னது, “இது பொழைச்சுக்கும்மா. அந்த மூலைதான் போயிருக்கு. இதை என்னால எழுத முடியாது.” வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். அந்த மூடின சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் அதற்கு முந்தின வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. பொழைச்சுக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்கிற மாதிரி, ரொம்பச் சாதாரணமாக, பொழைச்சுக்கும். “எழுத வேணாம் மேடம்” என்று ஒரு குரல் கேட்டது. யார் இப்படிப் புத்தி கெட்டுப் பேசுகிறது என்று பார்த்தால் அவளேதான்.

கூட்டத்தில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். “ஊரே தண்ணியில கெடக்கையில இந்த மடையை மட்டும் யாரு திறந்தா?” அவ்வளவுதான், வந்துவிட்டது. சொல்லிவிடலாம், நான்தான் என்று சொல்லிவிடலாம், என்ன செய்துவிடுவார்கள், அபராதம் போடட்டும், கோயிலுக்கு எண்ணெய் வாங்கி ஊற்றச் சொல்லட்டும் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் குணசீலன் சொன்னான், “நண்டு, மாமா.” ஆபீசரம்மா குனிந்து மடையைப் பார்த்தது. “நண்டா? இவ்வளவு நேரா, மம்முட்டியால வெட்டின மாதிரி இருக்கு?” அப்போதுதான் தையல்நாயகியும் பார்த்தாள். அத்தனை நாளும் திறந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் எப்படித் திறந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மடையின் இரண்டு பக்கமும் கத்தியால் அல்வாவை அறுத்த மாதிரி நேர்க்கோடு. குதிகால் இப்படி வெட்டாது. நண்டும் இப்படி வெட்டாது. விடிகாலையில் எழுந்து போய்விட்டு வருகிறவன், இத்தனை சேற்றுக்கு நடுவில் முழங்கால் வரைக்கும் பளிச்சென்று கழுவிவிட்டு வந்து நிற்பானே இந்த நாலைந்து நாளாக, என்ன சுத்தம் என் புருஷனுக்கு என்று காப்பியை நீட்டினாளே! கூட்டத்தில் தூக்கின அதே கை. அட திருட்டு நண்டே! அவள் அவனைப் பார்த்தாள். அவனும் இப்போது பார்த்தான், மீசை துடித்தது. “எங்க ஊரு நண்டு வெட்டும் மேடம்” என்றாள் காசாம்பு, ஈரக் கண்ணோடு. “ஒண்ணு மெட்டி போட்டுருக்கும், ஒண்ணு மீசை வச்சுருக்கும்.” கேள்வி கேட்ட மாமாவே முதலில் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது, வி.ஏ.ஓ. உட்பட. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் எத்தனை வரப்பில் எத்தனை நண்டு இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“நான் தண்ணி நிக்குதான்னு பாக்கல ஐயா, குருத்து இருக்கான்னு பாக்குறேன். ஒவ்வொரு வயலையும் தனித்தனியாத்தான் எழுதறேன்” என்றது ஆபீசரம்மா, குடையை மடக்கிக்கொண்டே. “போனது போனதா எழுதிர்றேன். இருக்கறதையும் சேத்துக் கொல்லாதீங்க. போங்க, எல்லா மடையையும் திறங்க.” ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு திருவிழாவில் தேர் அசைகிற மாதிரி கூட்டம் அசைந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்கள், ஓடினார்கள், மம்முட்டிக்காகக்கூட நிற்காமல் கையாலும் காலாலும் திறந்தார்கள். முதலில் ஒரு கொலுசு, அப்புறம் பத்துக் கொலுசு, அப்புறம் ஊர் முழுக்கக் கொலுசு. வடிவாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடியது. காசாம்பு தன் மேட்டு வயல் மடைக்கு வாத்து மாதிரி ஓடினாள், “யாராச்சும் ஒரு காலு குடுங்கடா” என்று கத்திக்கொண்டு. தையல்நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். ஆறு மா பிழைத்துவிட்டது. எழுத முடியாது என்றும் சொல்லியாகிவிட்டது. மூலை போய்விட்டது. அறுப்பில் எவ்வளவு பதர் என்று யாருக்குத் தெரியும்? முழுசாகப் பிழைத்தது என்று சொல்லலாமா, இரண்டுங்கெட்டான்தானா? அந்த முள் இன்னும் முந்தானையை விடவில்லை. சிவப்புச் சட்டை பக்கத்தில் வந்து நின்றது. சம்மு உடனே தாவி மீசையைப் பிடித்தது. மீசை இழுபட்டபடியே அவன் கேட்டான், “வீட்டுல யூரியா எவ்வளவு கெடக்கு?”

“ஒரு மூட்டை. ஜிப்சம் வாங்கணும்” என்றாள்.

“வாங்கிருவோம். தண்ணி முச்சூடும் வடியட்டும். ஞாயித்துக்கெழம போட்ருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை. அவள் அந்த வார்த்தையை ஒரு தரம் உள்ளே திருப்பிப் பார்த்தாள், பஸ் சத்தம் எதுவும் அதில் இல்லை. மூலைக்கு வேறு நாற்று யாரிடம் கேட்கலாம், கிழக்குத் தெருவில் மிச்சம் வைத்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், கருவாடு இருக்கிறதா என்று எண்ணம் அதன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது, மடை திறந்த மாதிரி. அப்போது காலடியில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். நிஜமான நண்டு, புளியங்கொட்டை நிறத்தில், ஒரு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, செய்யாத குற்றத்தையெல்லாம் சுமத்தினீர்களே என்று கேட்கிற மாதிரி நின்றது. தையல்நாயகி காலை நகர்த்தி அதற்கு வழிவிட்டாள்.